கோ-எல்பிஎம், கோ-யுபிஎம் எல்லாம் கூட்டிக் கழித்தும் கோவேரியன்ஸ் வரவில்லை: இரண்டு மாறிகளின் பகுதி மொமென்ட் கணக்கு

நிரல்நிரை (கேள்வி)

இரண்டு மாறிகளுக்கு இடையிலான பகுதி மொமென்ட்டுகளைப் பேக்கேஜ் எதுவும் இல்லாமல் நேராக எழுதிக்கொண்டிருக்கிறேன். அதாவது ஒரு இலக்குக்குக் கீழே (எல்பிஎம்) அல்லது மேலே (யுபிஎம்) விழும் விலக்கங்களை மட்டும் எடுக்கும் சராசரிகள்; கோ என்றால் இரண்டு மாறிகளும் ஒரே பக்கம், டி என்றால் எதிரெதிர்ப் பக்கம். சோதனைக்கு எடுத்த தரவு எட்டே ஜோடி:

க: 1, 2, 3, 4, 6, 7, 8, 9
ச: 4, 1, 9, 3, 2, 6, 8, 7

இரண்டுக்கும் சராசரி 5. அதையே இலக்காக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஜோடிக்கும் (5 − க) × (5 − ச) கண்டு, அது மைனஸாக இருந்தால் 0 ஆக்கி, எல்லாவற்றையும் கூட்டி 8-ஆல் வகுத்ததைக் கோ-எல்பிஎம் என்று எடுத்துக்கொண்டேன். (க − 5) × (ச − 5) வைத்து அதே போல் கோ-யுபிஎம். டி-எல்பிஎம், டி-யுபிஎம் இரண்டுக்கும் ஒரு மாறியில் மட்டும் குறியை மாற்றினேன்.

கிடைத்தவை: கோ-எல்பிஎம் 4.625, கோ-யுபிஎம் 4.625, டி இரண்டும் 1.375. முதல் இரண்டைக் கூட்டி மற்ற இரண்டைக் கழித்தால் கோவேரியன்ஸ் (இரண்டு மாறிகளும் சேர்ந்து எப்படி மாறுகின்றன என்பதன் அளவு) வர வேண்டும் அல்லவா? எனக்கு 6.5 வருகிறது. ஆர் (R) நிரல்மொழியில் உள்ள கோவேரியன்ஸ் சார்பு இதே தரவுக்கு 3.714 தருகிறது. படியை (விலக்கத்தை உயர்த்தும் அடுக்கு; மேலே உள்ளதில் அது 1) 0 ஆக்கினால் நான்குமே 1 என்று வந்து நிற்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். இலக்கு சராசரியாகத்தான் இருக்க வேண்டுமா? இலக்கின் மீதே விழும் புள்ளியை எந்தப் பக்கம் சேர்ப்பது?

---

கால்பகுதி

6.5-ஐ 3.714-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.75 வரும். அது 2 × 7/8. அதாவது உங்கள் கணக்கில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று விடையை இரட்டிப்பாக்குகிறது. மற்றது 8-ஆல் வகுப்பதா 7-ஆல் வகுப்பதா என்ற விவகாரம்.

முதலில் இரட்டிப்பு. நீங்கள் பெருக்கிவிட்டு வெட்டுகிறீர்கள். வெட்டிவிட்டுப் பெருக்க வேண்டும். க-வும் ச-வும் இரண்டுமே இலக்குக்கு மேலே இருந்தால் (5 − க), (5 − ச) இரண்டும் மைனஸ், பெருக்கினால் பிளஸ். ஆகவே மேல் வலது கால்பகுதிப் புள்ளிகள் எல்லாம் கோ-எல்பிஎம்முக்குள் நுழைந்துவிடுகின்றன. கோ-யுபிஎம்மிலும் இதே கதைதான், கீழ் இடதுப் புள்ளிகள் உள்ளே வருகின்றன. இரண்டும் ஒரே எண்ணாக வந்ததே அதற்கான அடையாளம். உண்மைத் தரவில் கோ-எல்பிஎம்மும் கோ-யுபிஎம்மும் கடைசித் தசமம் வரை ஒத்துப்போனால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரியான வரையறை:

கோ-எல்பிஎம் = (1/n) Σ பெரியது(0, இலக்கு க − க) × பெரியது(0, இலக்கு ச − ச)
கோ-யுபிஎம் = (1/n) Σ பெரியது(0, க − இலக்கு க) × பெரியது(0, ச − இலக்கு ச)
டி-எல்பிஎம் = (1/n) Σ பெரியது(0, க − இலக்கு க) × பெரியது(0, இலக்கு ச − ச)
டி-யுபிஎம் = (1/n) Σ பெரியது(0, இலக்கு க − க) × பெரியது(0, ச − இலக்கு ச)

டி-எல்பிஎம் என்பது க மேலே, ச கீழே (கீழ் வலது). டி-யுபிஎம் என்பது க கீழே, ச மேலே (மேல் இடது). பெயரில் உள்ள எல், யு இரண்டும் ச-வின் பக்கத்தைக் குறிக்கின்றன என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

உங்கள் தரவில் விலக்கங்களை எழுதினால்:

க − 5: −4, −3, −2, −1, 1, 2, 3, 4
ச − 5: −1, −4, 4, −2, −3, 1, 3, 2

முதல், இரண்டாம், நான்காம் ஜோடிகள் இரண்டு பக்கமும் கீழே: 4 + 12 + 2 = 18, கோ-எல்பிஎம் 18/8 = 2.25. கடைசி மூன்றும் இரண்டு பக்கமும் மேலே: 2 + 9 + 8 = 19, கோ-யுபிஎம் 2.375. மூன்றாவது ஜோடி (3, 9) மட்டும் மேல் இடது: டி-யுபிஎம் 8/8 = 1. ஐந்தாவது (6, 2) மட்டும் கீழ் வலது: டி-எல்பிஎம் 3/8 = 0.375.

2.25 + 2.375 − 1 − 0.375 = 3.25.

3.25 என்பது 26/8. ஆர் தரும் 3.714 என்பது 26/7. ஆரின் கோவேரியன்ஸ் சார்பு எப்போதும் n − 1-ஆல்தான் வகுக்கும். பகுதி மொமென்ட்டின் வரையறையோ n-ஆல் வகுக்கிறது. ஒத்துப்பார்க்க வேண்டுமென்றால் n/(n − 1)-ஆல் பெருக்குங்கள். நான்கையுமே பெருக்க வேண்டும். கடைசி விடையை மட்டும் திருத்திவிட்டு உறுப்புகளைப் பழையபடி வெளியிட்டால், படிக்கிறவர் கூட்டிப் பார்க்கும்போது பொருந்தாது. பைத்தானின் கணக்குத் தொகுப்பான நம்பையில் இன்னொரு பொறி உண்டு: அதன் கோவேரியன்ஸ் சார்பு இயல்பாக n − 1-ஆல் வகுக்கும், வேரியன்ஸ் சார்பு இயல்பாக n-ஆல் வகுக்கும். பைத்தானின் இன்னொரு தொகுப்பான பாண்டாஸில் இரண்டும் n − 1. எக்செலில் .பி, .எஸ் என்று முடியும் இரண்டு தனித்தனிச் சார்புகள்.

இனி ஒரு தவறான விடையும் வரலாம் என்பதால் சொல்கிறேன். ஆரில் "மேக்ஸ்" என்று எழுதினால் வெக்டர் முழுக்கவும் சேர்த்து ஒரே ஒரு பெரிய எண்ணைத்தான் தரும். உறுப்புக்கு உறுப்பு வேண்டுமென்றால் "பிமேக்ஸ்". உங்கள் தரவில் மேக்ஸ் போட்டால் 4 × 4 = 16 என்று வரும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல். பைத்தானில் வெறும் மேக்ஸைக் கொண்டு அணிவரிசையை ஒப்பிட்டால் அது பிழை காட்டி நின்றுவிடும். அங்கே நம்பையின் "மேக்ஸிமம்" வேண்டும்.

இலக்கு பற்றி. சராசரி கட்டாயம் இல்லை. எந்த இலக்கை வைத்தாலும் நான்கின் கூட்டல் கழித்தல் சராசரி[(க − இலக்கு க)(ச − இலக்கு ச)] என்பதற்குச் சமம். அதை விரித்தால்

கோவேரியன்ஸ் + (சராசரி க − இலக்கு க) × (சராசரி ச − இலக்கு ச)

என்று வரும். ஆகவே இரண்டில் ஒன்று சராசரியில் இருந்தாலே போதும், கூடுதல் உறுப்பு பூஜ்யமாகிவிடும். க-வின் இலக்கை 4 ஆக்கி ச-வின் இலக்கை 5-லேயே விட்டுப் பாருங்கள்: கோ-எல்பிஎம் 1.375, கோ-யுபிஎம் 3.125, டி-எல்பிஎம் 0.75, டி-யுபிஎம் 0.5. நான்குமே மாறிவிட்டன, ஆனால் கூட்டிக் கழித்தால் மறுபடியும் 3.25. இரண்டு இலக்கையும் 4 ஆக்கினால் 4.25 வரும், அந்த 1 என்பது (5 − 4)(5 − 4). நிரலைச் சோதிக்க இதைவிட நல்ல யூனிட் டெஸ்ட் எனக்குத் தெரியாது.

---

ஓரப்புள்ளி

படி 0 பற்றி யாரும் தொடவில்லை.

ஆரிலும் பைத்தானிலும் 0⁰ = 1. இலக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் புள்ளியை 0 ஆக வெட்டிவிட்டு அதை 0-வது படிக்கு உயர்த்தினால் அது 1 ஆகி உயிரோடு திரும்பி வந்துவிடுகிறது. எல்லாப் புள்ளியும் 1, சராசரியும் 1. எக்செல் இந்த விஷயத்தில் மேல்: 0^0 கொடுத்தால் எண் பிழை காட்டும். ஆகவே படி 0-ஐப் பொதுச் சூத்திரத்தில் விடாமல் தனியாகப் பிரித்து, "இலக்குக்குக் கீழா, ஆமெனில் 1, இல்லையெனில் 0" என்று எழுத வேண்டும். இரண்டு மாறிகளின் படிகளும் தனித்தனி என்பதால் இந்தச் சோதனையை மாறிக்கு ஒருமுறை செய்ய வேண்டும். (0, 1), (1, 0) என்ற கலப்புப் படிகளும் வரும்.

சரியாகச் செய்தால் உங்கள் தரவில் படி (0, 0): கோ-எல்பிஎம் 3/8, கோ-யுபிஎம் 3/8, டி இரண்டும் 1/8. கூட்டினால் 1. கோ-எல்பிஎம் (0, 0) என்பது வேறொன்றுமில்லை, அந்த இலக்குப் புள்ளியில் அனுபவக் கூட்டுப் பரவல் சார்பின் மதிப்பு. அதை க-வின் எல்பிஎம் 0-ஆல் (க-வுக்கு மட்டும் படி 0-ல் எல்பிஎம், அதாவது 4/8) வகுத்தால் "க ≤ 5 எனில் ச ≤ 5 ஆக இருக்கும் நிகழ்தகவு" 0.75.

எல்லைப் புள்ளிக்கு இப்போது வரலாம். பரவல் சார்பு P(க ≤ இலக்கு) என்று வரையறுக்கப்படுவதால், கீழ்ப்பக்கம் ≤, மேல்பக்கம் > என்று வைப்பதுதான் பொருந்தும். இரண்டு பக்கமும் < > என்று எழுதினால் இலக்கின் மீது விழும் புள்ளி எங்கேயும் சேராது. க-வின் இலக்கு 4 எனில் (4, 3) என்ற ஜோடி காணாமல் போய் நான்கின் கூட்டல் 7/8 ஆகும். இரண்டு பக்கமும் சமக்குறி போட்டால் அதே புள்ளி இரண்டு முறை எண்ணப்பட்டு 9/8.

படி (1, 1)-ல் இதனால் ஒரு வித்தியாசமும் வராது, ஏனென்றால் எல்லைப் புள்ளியின் விலக்கம் 0. அதனால்தான் இந்தப் பிழை வெகுநாள் கண்ணில் படாமல் இருக்கும். ஆனால் கலப்புப் படியில் வெடிக்கும்: க-வின் இலக்கு 4, ச-வின் இலக்கு 5, படி (0, 1) என்றால் ≤ வைத்தால் கோ-எல்பிஎம் (1 + 4 + 2)/8 = 0.875; < வைத்தால் 5/8 = 0.625. முழு எண்களாக வரும் தரவு, மதிப்பெண், எண்ணிக்கை, இலக்காக இடைநிலை அளவை வைப்பது, இங்கெல்லாம் இது சாதாரணமாக நடக்கும்.

விடுபட்ட மதிப்புகள் அடுத்த தலைவலி. நம்பையில் நேன் (விடுபட்ட மதிப்பின் குறி) ≤ 5 என்று கேட்டால் "பொய்" என்று பதில் வரும், பிழை வராது. ஆகவே படி 0-ல் அந்த வரிசை எந்தக் கால்பகுதியிலும் சேராமல், பகுதியில் உள்ள n-ல் மட்டும் சேர்ந்துவிடும். நான்கின் கூட்டல் 1-க்குக் கீழே போகும். படி 1-லோ நேன் அப்படியே பரவி விடையையே நேன் ஆக்கிவிடும். ஒரே தரவு, படி 0 ஓடுகிறது, படி 1 ஓடவில்லை என்றால் காரணம் இதுதான். ஆரில் அதற்கான குறியான என்ஏ இரண்டிலுமே வெளிப்படையாகத் தெரியும். எக்செலில் காலிச் செல் கழித்தலில் 0 ஆக எண்ணப்பட்டு, இலக்கு 5 எனில் அமைதியாகக் "கீழே" போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்றிலும் இதுதான் மோசம்.

வரிசை முக்கியம்: முதலில் ஜோடியாக நீக்குங்கள், பிறகு சராசரியைக் காணுங்கள், பிறகு விலக்கம். நிரல் முழுவதின் சராசரியை முன்கூட்டியே கண்டு வைத்துவிட்டு அப்புறம் வரிசைகளை நீக்கினால், மேலே கால்பகுதி சொன்ன கூடுதல் உறுப்பு பூஜ்யமாகாது. கோவேரியன்ஸ் சிறிதளவு விலகி நிற்கும், நீங்கள் தசமத் துல்லியத்தின் மேல் பழி போடுவீர்கள்.

---

நிரல்நிரை

3.25, 4.25, படி 0 எல்லாம் சரியாக வருகிறது. நன்றி.

அடுத்து இதை 40 மாறிகளுக்கு விரிக்க வேண்டும். ஜோடி ஜோடியாக லூப் ஓட்டுவதா? டி-எல்பிஎம் அணி சமச்சீராக வரவில்லையே, அது பிழையா? அப்புறம், கோ-எல்பிஎம்மை இரு மாறிகளின் எல்பிஎம் 2-களின் பெருக்கலின் வர்க்கமூலத்தால் வகுத்தேன், 2.25/3.75 = 0.6 வந்தது. ஒட்டுறவுக் கெழுவோ 26/60 = 0.433. அப்படியானால் கீழ்ப்பக்கம் ஒட்டுறவு அதிகம் என்று எழுதலாமா?

---

தரவுத்தச்சன்

லூப் வேண்டாம். n × 40 தரவு அணியிலிருந்து இரண்டே அணிகள் செய்யுங்கள்: கீழ் = பெரியது(0, இலக்கு − தரவு), மேல் = பெரியது(0, தரவு − இலக்கு). ஆரில் இலக்கு வெக்டரைத் தரவு அணியிலிருந்து நேராகக் கழிக்காதீர்கள். ஆர் நிரல் வழியாக மறுசுழற்சி செய்வதால் இலக்குகள் தவறான இடத்தில் போய்ச் சேரும், n × 40 எப்போதும் 40-இன் மடங்கு என்பதால் எச்சரிக்கையும் வராது. "ஸ்வீப்" சார்பை இரண்டாவது பரிமாணத்தின் மேல் பயன்படுத்துங்கள். நம்பையில் நேராகக் கழித்தாலே சரி.

பிறகு நான்கு பெருக்கல்தான்:

கோ-எல்பிஎம் அணி = கீழ்ᵀ கீழ் / n
கோ-யுபிஎம் அணி = மேல்ᵀ மேல் / n
டி-எல்பிஎம் அணி = மேல்ᵀ கீழ் / n
டி-யுபிஎம் அணி = கீழ்ᵀ மேல் / n

இப்படி எழுதிய உடனே உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை தெரிகிறது. டி-எல்பிஎம் அணி சமச்சீராக இருக்க வேண்டியதே இல்லை. அதன் இடமாற்று அணிதான் டி-யுபிஎம். க-ச வரிசையை ச-க என்று புரட்டினால் கீழ் வலது மேல் இடதாகிறது, அவ்வளவே. டி அணிகளின் மூலைவிட்டம் முழுக்க 0 ஆக இருக்க வேண்டும், ஒரு மாறி தன் இலக்குக்கு மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் இருக்காது. கோ-எல்பிஎம்மின் மூலைவிட்டத்தில் எல்பிஎம் படி 2 இருக்க வேண்டும். ஒற்றை மாறியின் படி 2-க்கு இணையானது ஜோடியில் (1, 1), (2, 2) அல்ல. இதைக் கவனிக்காமல் (2, 2) கொடுத்துவிட்டு எண்கள் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்று கேட்பது அடிக்கடி நடக்கிறது.

கீழ்ᵀ கீழ் என்ற வடிவத்தில் இருப்பதால் கோ-எல்பிஎம் அணி எப்போதும் பாசிட்டிவ் செமி-டெஃபினிட், அதாவது அதன் ஐகன் மதிப்பு எதுவும் மைனஸாகாது. மைனஸ் ஐகன் மதிப்பு வந்தால் (தசமப் பிழை அளவில் இல்லாமல், உண்மையாகவே) இரண்டு காரணங்களில் ஒன்று: விடுபட்ட மதிப்புகளை ஜோடிக்கு ஜோடி தனித்தனியாக நீக்கியிருக்கிறீர்கள், அல்லது ஒரே மாறிக்கு ஜோடிக்கு ஜோடி வேறு இலக்கு. 40 மாறிகளில் முழு வரிசை நீக்கம் செய்தால் தரவு நிறையக் கரைந்துவிடும் என்பது உண்மைதான். அப்படியானால் ஜோடி நீக்கமே செய்யுங்கள், ஆனால் அந்த அணியை ஆப்டிமைசருக்குள் (மாறிகளைக் கலக்க ஏற்ற எடைகளைத் தேடும் நிரல்) கொடுக்காதீர்கள்.

ஆப்டிமைசர் என்றதும் ஒன்று. எடைகள் பிளஸாக இருந்து கூட்டல் 1 ஆக இருந்தால், எடைᵀ × கோ-எல்பிஎம் × எடை என்பது கலவையின் எல்பிஎம் 2-க்குச் சமம் அல்ல, அதன் மேல் எல்லை. உங்கள் எட்டு ஜோடியில் பாதிப் பாதி எடை போடுங்கள். அணி வழியாக: 0.25 × (3.75 + 3.75 + 2 × 2.25) = 3.0. நேராகக் கலவையைச் செய்தால் 2.5, 1.5, 6, 3.5, 4, 6.5, 8, 8. இலக்கு 5-க்குக் கீழே உள்ள பற்றாக்குறைகளின் வர்க்கம் 6.25 + 12.25 + 2.25 + 1 = 21.75, எட்டால் வகுத்தால் 2.719. மீதி 0.281 எங்கே போனது? (3, 9), (6, 2) இரண்டிலும். அங்கே ஒன்றின் பற்றாக்குறையை மற்றது ஈடுகட்டுகிறது. கோ-எல்பிஎம்முக்கு அது தெரியாது, அந்தத் தகவல் டி அணிகளில் இருக்கிறது. எடை மாறினால் எந்தப் புள்ளி இலக்குக்குக் கீழே விழுகிறது என்பதே மாறும். முதலீட்டுக் கோட்பாட்டாளர் மார்கோவிட்ஸ் 1959-ல் அரை வேரியன்ஸை (எல்பிஎம் 2 போன்ற கீழ்ப்பக்க அளவு) முன்வைத்த காலத்திலிருந்தே இருக்கும் சிக்கல் இது. எஸ்த்ராடா 2008-ல் தந்த சமச்சீர் வடிவம் கணக்குக்கு எளிது, ஆனால் தோராயம்தான். டி புள்ளிகள் அதிகமாக இருக்கும் ஜோடிகளுக்கு நான் அதை நம்ப மாட்டேன். 40 மாறி என்பது இன்றைய கணினிக்கு ஒன்றுமே இல்லை, கலவையை நேராகக் கணக்கிட்டு அதன் எல்பிஎம்மையே குறைக்கலாம்.

---

கால்பகுதி

0.6-ஐ 0.433-உடன் ஒப்பிடக் கூடாது. ஒட்டுறவுக் கெழுவுக்குச் சார்பின்மையில் மதிப்பு 0. நீங்கள் செய்த விகிதத்துக்கு அப்படி இல்லை. அது ஒருபோதும் மைனஸாகாது, 0-க்கும் 1-க்கும் நடுவில் நிற்கும், இரண்டு மாறிகளுக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும் 0-க்கு மேலேதான் இருக்கும்.

சார்பின்மை எனில் கோ-எல்பிஎம் (1, 1) என்பது இரண்டு தனி எல்பிஎம் 1-களின் பெருக்கல். உங்கள் தரவில் க-வின் எல்பிஎம் 1 = 10/8 = 1.25, ச-வுக்கும் 1.25. பெருக்கல் 1.5625. அதை 3.75-ஆல் வகுத்தால் 0.417. ஆக உங்கள் 0.6 என்பது 0.417-லிருந்து 0.6-க்கு வந்த தூரம். இலக்கு சராசரியாக இருக்கும்போது எந்த மாறிக்கும் எல்பிஎம் 1-ம் யுபிஎம் 1-ம் சமமாகவே இருக்கும், எனவே நான்கு கால்பகுதிக்கும் ஒப்பீட்டு எண் ஒன்றே: 1.5625. கோ இரண்டும் (2.25, 2.375) அதற்கு மேல், டி இரண்டும் (0.375, 1) அதற்குக் கீழ். இப்படிப் படிப்பதுதான் சரி.

இந்த ஒப்பீடு கோவேரியன்ஸால் முடியாத ஒன்றைச் செய்யும். க = −2, −1, 0, 1, 2; ச = க² = 4, 1, 0, 1, 4 என்று எடுங்கள். ச-வின் சராசரி 2. கோ-யுபிஎம் 0.8, கோ-எல்பிஎம் 0.2, டி-யுபிஎம் 0.8, டி-எல்பிஎம் 0.2. கூட்டிக் கழித்தால் 0, ஒட்டுறவு இல்லை என்ற தீர்ப்பு. ஆனால் க-வின் எல்பிஎம் 1 = 0.6, ச-வுக்கு 0.8; சார்பின்மை இருந்தால் நான்குமே 0.48 அருகில் இருக்க வேண்டும். மேல் இரண்டும் 0.8, கீழ் இரண்டும் 0.2. யு வடிவம் அப்படியே தெரிகிறது. நான்கையும் ஒரே எண்ணாகச் சுருக்கும் நொடியில் இது தொலைந்துவிடும். பகுதி மொமென்ட் எடுப்பவர்கள் கடைசியில் கோவேரியன்ஸை மட்டும் அறிக்கை செய்தால், எதற்கு இவ்வளவு பாடு என்று தோன்றும்.

இதற்கும் எல்லை உண்டு. சைன் அலை போன்ற நாலைந்து ஏற்ற இறக்கம் உள்ள உறவில் ஒரே இலக்குப் புள்ளியால் பிரித்தால் நான்கும் 0.48 போலச் சமநிலைக்கு வந்துவிடலாம். அப்போது ஒவ்வொரு கால்பகுதியையும் அதன் சொந்தச் சராசரியில் மறுபடி நான்காகப் பிரித்து உள்ளே போக வேண்டும்.

நம்பகத்தன்மை: இலக்கு வெளியிலிருந்து தரப்பட்ட நிலையான எண் எனில் கோ-எல்பிஎம் வெறும் ஒரு சராசரி, ஆகவே பெருக்கல்களின் திட்டவிலக்கத்தை √n-ஆல் வகுத்தால் திட்டப்பிழை. உங்கள் பெருக்கல்கள் 4, 12, 0, 2, 0, 0, 0, 0. திட்டவிலக்கம் 4.2, திட்டப்பிழை 1.485. 2.25-க்கு 1.485! மொத்தம் 18-ல் 12 என்பது (2, 1) என்ற ஒரே புள்ளியிலிருந்து வருகிறது. உண்மைத் தரவில் n பெரிதாக இருந்தாலும், இலக்கை வால்பகுதிக்கு நகர்த்த நகர்த்த அந்தக் கால்பகுதியில் புள்ளிகள் வற்றிக்கொண்டே போகும். ஆகவே படி (1, 1) மதிப்பைத் தரும்போதெல்லாம் பக்கத்தில் படி (0, 0) × n, அதாவது எத்தனை புள்ளியிலிருந்து அது வந்தது என்பதையும் கொடுங்கள்.

---

ஓரப்புள்ளி

பேக்கேஜோடு ஒத்துப்பார்க்கிறவர்களுக்கு: ஆரில் ஃபிரெட் வியோல் எழுதிய என்என்எஸ் பேக்கேஜில் இந்த நான்கும் தனிச் சார்புகளாக இருக்கின்றன, அணி வடிவம் "பிஎம்.மேட்ரிக்ஸ்" என்ற சார்பில் வரும். n − 1 திருத்தம் அங்கே ஒரு உள்ளீடு. அதை அணைத்துவிட்டு ஒப்பிட்டால் மேலே உள்ள 2.25, 2.375 வரும். உள்ளீடுகளின் பெயரும் வரிசையும் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருப்பதால் இடத்தை நம்பாமல் பெயர் சொல்லிக் கொடுங்கள். பழைய நிரலில் படியும் தரவும் இடம் மாறி உட்கார்ந்து அர்த்தமில்லாத எண் வருவது இதனால்தான்.

கட்டுரைகளோடு ஒப்பிடும்போது இன்னொரு ஆபத்து: ஹோகனும் வாரனும் 1974-ல் தந்த கோ-எல்பிஎம் வேறு. அதில் ஒரு மாறியை மட்டுமே வெட்டுவார்கள், மற்றது குறியோடு அப்படியே நிற்கும். உங்கள் தரவில் க-வை வெட்டினால் (4 + 12 − 8 + 2)/8 = 1.25; ச-வை வெட்டினால் (4 + 12 + 2 − 3)/8 = 1.875. சமச்சீர் கிடையாது. நான்கு கால்பகுதிகளும் கையில் இருந்தால் இதைத் தனியாகக் கணக்கிட வேண்டியதில்லை: முதலாவது கோ-எல்பிஎம் − டி-யுபிஎம், இரண்டாவது கோ-எல்பிஎம் − டி-எல்பிஎம். யாருடைய எண்ணாவது உங்களுடையதைவிடச் சிறிதாக இருந்தால் முதலில் இந்தக் கழித்தலைச் செய்து பாருங்கள்.

---

தரவுத்தச்சன்

திட்டப்பிழை பற்றிக் கால்பகுதி சொன்னதில் "நிலையான இலக்கு" என்ற நிபந்தனையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இலக்கு மாதிரிச் சராசரியாக இருந்தால் அந்தச் சராசரியும் மாதிரிக்கு மாதிரி ஆடும், சூத்திரம் அதைக் கணக்கில் எடுக்காது. பூட்ஸ்ட்ராப் போடுங்கள், அதாவது தரவிலிருந்தே வரிசைகளை (எடுத்ததைத் திரும்ப வைத்து) மறுபடி மறுபடி எடுத்து விடை எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். வரிசைகளை ஜோடியாகவே எடுக்க வேண்டும், க-வையும் ச-வையும் தனித்தனியாக எடுத்தால் உறவே அறுந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் சராசரியைப் புதிதாகக் கண்டு, அந்தச் சுற்றுக்கு அதையே இலக்காக வையுங்கள். இலக்கு வெளியிலிருந்து வந்த எண் எனில் அது எல்லாச் சுற்றிலும் அசையாமல் இருக்க வேண்டும்.

சார்பின்மையைச் சோதிப்பதுதான் நோக்கம் என்றால் அதைவிட எளிது: க-வை அப்படியே வைத்து ச-வை மட்டும் குலுக்கிக் குலுக்கி நான்கையும் காணுங்கள். குலுக்கினாலும் ச-வின் சராசரியும் எல்பிஎம், யுபிஎம் மதிப்புகளும் மாறாது, எனவே நான்கும் 1.5625-ஐச் சுற்றியே பரவும், உங்கள் 2.25 அந்தப் பரவலில் எங்கே விழுகிறது என்று பார்க்கலாம். காலவரிசைத் தரவுக்கு இப்படி ஒற்றை ஒற்றையாகக் குலுக்கக் கூடாது, தொடர்ச்சியான துண்டுகளாக எடுத்து மாற்ற வேண்டும். இல்லையென்றால் பரவல் போலியாக ஒடுங்கி, ஒன்றுமில்லாத ஜோடிகள்கூட முக்கியமானவைபோல் தெரியும். 40 மாறியில் 780 ஜோடி இருக்கிறது, அப்படித் தெரிய வாய்ப்பு நிறைய.